கள்ளப் பதிவு

நவ. 3, திங்கள்

மழை. கொப்பி மெசினுக்கு மை மாற்றியதில் இரண்டு கையும் கறுப்பு. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. கடைக்கு ஆட்கள் குறைவு. அடையாள அட்டைப் படம் நான்கு, ஸ்கான் ஒன்று, குடையை மறந்துவிட்டுப் போன கிழவர் ஒருவர்.

மத்தியானம் ‘வழித்துணை’யைத் திறந்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் பட்டை.

“அன்புள்ள மட்டுறுத்துநரே, தங்கள் அண்மைய முடிவுகளில் இரண்டு தவறானவை. பதிவுகளைத் தயவுசெய்து கவனமாக வாசிக்கவும். மூன்றாவது தவறு ஏற்பட்டால் தங்கள் பொறுப்பு தானாகவே நிறுத்தப்படும்.”

கவனமாக வாசிக்கவும். எனக்கு! பதினொரு வருடமாக, சம்பளம் இல்லாமல், இந்தப் பிரெஞ்சு நாட்டில் வந்திறங்கிய தமிழ்ச் சனம் விசா, வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அந்தத் தளத்தில் கேட்கும் கேள்விகளை எல்லாம் வாசித்து, குப்பையைத் தள்ளி, நல்லதை மேலே விட்டவனுக்கு.

தவறு ஒன்று: வீட்டுக்காரனை யாரோ “விசரன்” என்று எழுதியதை நான் விட்டுவிட்டேனாம். பைத்தியக்காரன் என்ற வசையாம். விசரன் என்று சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு பொழுது போகாது. வசந்தி என்னைச் சொல்வதை எல்லாம் நீக்கத் தொடங்கினால் எனக்கு மனைவியே மிஞ்சமாட்டாள்.

தவறு இரண்டு: தொலைபேசி இலக்கம் போட்ட பதிவு. இலக்கத்தை மட்டும் அழித்துக் கேள்வியை விட்டேன். பதினொரு வருடமாகச் செய்வது அதைத்தான். “திருத்து” பிழையாம். “நீக்கு” அழுத்தியிருக்க வேண்டுமாம்.

இரண்டுமே கள்ளப் பதிவுகள். கேட்ட ஆளே இல்லை. மெசின் எழுதி, உண்மையான கேள்விகளுக்கு நடுவே செருகிவிட்டு, நாங்கள் எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்று பார்க்கிறது. தரச் சோதனையாம். இரண்டு மாதமாக இது.

மற்ற ஆறு பேருக்கும் என் மஞ்சள் தெரியும். பரீட்சை முடிவுப் பலகையில் பெயர் இல்லாத பெடியன் மாதிரி மூன்று மணி வரை யாருடனும் கதைக்கவில்லை. ஐம்பத்தி மூன்று வயது. பௌதிகத்தில் சிறப்புப் பட்டம்.

நவ. 4, செவ்வாய்

இன்னும் மழை.

செந்திலுக்கு போன் எடுத்தேன். தளத்துக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. வந்தது மூன்று வருடத்துக்கு முன். ஊர் கோயம்புத்தூர், இங்கே பெரிய கம்பனியில் எஞ்சினியர். அதற்கு முன் எட்டு வருடம் இந்தத் தளத்தைச் சுமந்தவனிடம் யாரும் பொறுப்பெடுக்கிறாயா என்று கேட்கவில்லை. எனக்குக் கோட் எழுதத் தெரியாதே.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாருக்கும் ஒரே ரூல்தான். நம்பர் இருந்தா ரிமூவ்.”

“தம்பி, நம்பரை அழிச்சுப்போட்டுக் கேள்வியை விட்டால் என்ன குறையும்? கேக்கிறவன் மனுசன்தானே.”

“அது டெஸ்ட் போஸ்ட் சார், மனுஷன் இல்ல.”

“அது டெஸ்ட் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியக் கூடாது சார். அதான் டெஸ்ட்டே.”

சிரித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. சார், சார் என்று ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே இறக்கிவிடுகிறான். விசரன் என்ற சொல்லைப் பற்றிச் சொன்னேன். “நோட் பண்ணிக்கிறேன் சார்.” எங்கே நோட் பண்ணுவான்.

வாங்க: பால், வசந்தியின் மாத்திரை, பேருந்து அட்டை புதுப்பிக்க.

நவ. 5, புதன்

மூன்றாவது தவறுக்கு இடம் கொடுப்பதில்லை என்று முடிவு. சோதனைப் பதிவை முகர்ந்து பிடிக்க வேண்டும். பழையவற்றை எடுத்து வைத்துப் பார்த்தேன். மெசின் எங்கள் தமிழை எழுதும்போது வழுக்கும் இடங்கள்:

– யாரும் கேட்காமலே, ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் “ஓம்” என்று தொடங்குவது.
– “எண்டு” என்று எழுதிய கையோடு “ஆச்சு”, “முன்னாடி”. இந்தியாவும் யாழ்ப்பாணமும் ஒரே வாயில்.
– ஏழு நாளை எங்களைப் போலக் கிழமை என்னாமல் வாரம் என்பது.
– ஊர்ப் பெயரைக் கேட்காமலே சொல்வது.
– கடைசியில் கட்டாயம் ஓர் இலக்கம்.

நல்ல வேலை. விஞ்ஞானம் படித்தது வீண் போகவில்லை. வசந்தி எட்டிப் பார்த்துவிட்டு: “இப்ப மெசினோடையும் கோவமோ? மனிசரோடை கோவிச்சு முடிஞ்சுது போல.”

நவ. 6, வியாழன்

மழை இல்லை. மார்க்ஸ் டோர்மோயில் மெட்ரோ நின்று, நடந்து போக நேர்ந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் முப்பத்தியொரு பதிவு. பதினேழாவதாக, ஒரு பெண் பெயரில், வந்தது இது (அப்படியே எடுத்து வைக்கிறேன்):

“ஓம் வணக்கம் அண்ணாமாரே, அக்காமாரே. எனக்கு போன மாசம் 25ம் தேதி கடிதம் வந்திச்சு. அகதி விண்ணப்பம் இல்ல எண்டு போட்டிருக்கு. ரெண்டு வாரம் ஆகப்போகுது. இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி வந்திருந்தா என்ன செய்யணும் எண்டு சொல்லுங்கோ. வக்கீல் இல்ல. நான் கிளிநொச்சி. அவசரம். என்ட நம்பர்…”

வாசித்ததும் சிரிப்பு வந்தது. என் பட்டியலில் உள்ள ஐந்தும் ஒன்றாய் வரிசை கட்டி நின்றன. ஒரு கால் சென்னையில், ஒரு கால் கிளிநொச்சியில். எந்தக் கிளிநொச்சிக்காரி “முன்னாடி” என்று எழுதுவாள்?

நீக்கு. காரணம்: போலிக் கணக்கு. அழுத்தியபோது விரல் நுனியில் ஒரு சுகம். அதையும் எழுதி வைக்க வேண்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

அந்தப் பதிவைப் பிரதி எடுத்து மட்டுறுத்துநர் குழுவில் போட்டேன். மேலே ஒரு வரி: “தம்பி செந்திலின் மெசின் தமிழ் படிக்கிறது. யாராவது கிளிநொச்சிக்கு ஒரு ரிக்கற் எடுத்துக் கொடுங்கள்.”

சிரிப்புப் பொம்மைகள், ஐந்து பேரிடமிருந்து. கன நாளுக்குப் பிறகு குழுவில் நான் சொன்ன ஒன்றுக்கு.

நவ. 7, வெள்ளி

மஞ்சள் போய்ப் பச்சை. “சிறப்பான பணி, மட்டுறுத்துநரே.”

செந்தில் குழுவில்: “சார், அந்த போஸ்ட் நம்ம டெஸ்ட் மாதிரி தெரியல. இப்ப சென்னை ஃப்ளைட்ல ஏறப்போறேன், வந்து செக் பண்றேன்.”

நான்: “தாங்கள் பெற்ற பிள்ளையைத் தங்களுக்கே அடையாளம் தெரியவில்லையா?”

மீண்டும் பொம்மைகள்.

கடையில் சூடாக்கி வேலை செய்யவில்லை. முதலாளி அண்ணைக்கு மூன்றாவது முறை சொல்லியாயிற்று.

நவ. 11, செவ்வாய்

விடுமுறை. ஸ்தேன் புறநகரில், வீட்டில். மகள் மதியம் எழும்பி, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். தமிழில் சொல் என்றேன். சொல்லாமல் போய்விட்டாள்.

கனடாவில் இருக்கும் வகுப்புத் தோழன் பேராசிரியராகிவிட்டானாம். படம் வந்தது. செய்முறையில் என் கொப்பியைப் பார்த்து எழுதியவன்.

நவ. 12, புதன்

செந்தில் தனியாக எழுதியிருக்கிறான். “சார், செக் பண்ணிட்டேன். அது டெஸ்ட் இல்ல. ரியல் யூசர். முதல் போஸ்ட். போலிக் கணக்குன்னு நீங்க போட்டதால அக்கவுண்ட்டும் லாக் ஆயிடுச்சு. என்ன பண்ணலாம்?”

மூன்று முறை வாசித்தேன்.

“எப்படி என்றாலும் இலக்கம் இருந்தது. உங்கள் விதிப்படி நீக்க வேண்டியதுதானே” என்று அனுப்பினேன்.

அவன்: “கரெக்ட் சார். சிஸ்டமும் அத கரெக்ட்னுதான் எண்ணியிருக்கு. உங்க ஸ்கோர் பாதிக்கல.”

நான் ஸ்கோரைக் கேட்கவில்லையே. அப்படி நினைத்தானா? அப்படித்தான் கேட்டேனோ.

கணக்கை அவன் திறந்துவிட்டான். நான் பதிவை மீட்டிருக்கலாம். ஒரு பொத்தான். மீட்டால் குழுவில் எல்லோருக்கும் தெரியும், நான் பகிடி பண்ணியது ஒரு மனுஷியை என்று. மீட்கவில்லை. கிளிநொச்சி என்று பொய் சொல்லும் இந்தியாக்காரி யாரோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாள் முழுக்க அதையே.

நவ. 14, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். பத்தரைக்குக் கடைக்கு ஒரு பெண். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாயிருக்கும். பிளாஸ்ரிக் உறைக்குள் கடுதாசிகள், தலைமுடியில் கான்ரீன் வலைத்தொப்பியின் தடம்.

“அண்ணா, இத எல்லாம் ரெண்டு கொப்பி எடுக்கணும். கவரையும் சேத்து.”

“கவர் என்னத்துக்குப் பிள்ளை?”

“தேதி அதுலதானே இருக்கு.”

“இந்தியாவிலை எவடம் நீங்கள்?”

“நான் இந்தியா இல்ல அண்ணா. கிளிநொச்சி.”

மெசினின் மூடியைத் தூக்கியபடி நின்றேன். பச்சை வெளிச்சம் போய் வந்தது. கடித உறையில் கையளித்த நாள் முத்திரை: ஒக்டோபர் 25.

“நெட்டுல ‘வழித்துணை’ எண்டு ஒண்டு இருக்குதானே. அதுல கேட்டேன். அஞ்சு நிமிசத்துல தூக்கிட்டாங்க. இனிமே எழுதவும் விடாது எண்டு வந்திச்சு. நான் கேட்டதுல ஏதோ பிழையாக்கும் எண்டு வெக்கமாப் போச்சு. பெறகு யார்ட்டயும் கேக்கல்ல.”

வெட்கம். அவளுக்கு.

“ஆர் தூக்கினது?” இதை நானே கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

“பேர் போடல்ல.”

“மெசினாயிருக்கும். இப்ப எல்லாம் மெசின்தான் பாக்கிறது.”

“மெசினுக்கு என்ன தெரியும், பாவம்” என்றாள்.

கொப்பி எடுத்துக் கொடுத்தேன். கடிதத்தை வாசித்தேன். அரச செலவில் வக்கீல் கேட்கப் பதினைந்து நாள். 10ஆம் தேதியோடு அது முடிந்தது. அவள் எழுதியபோது நான்கு நாள் மிச்சம் இருந்தது. இதற்கான பதில் என்னிடம் ஏற்கெனவே எழுதி இருக்கிறது. எத்தனையோ பேருக்கு ஒட்டியிருக்கிறேன். ஒட்ட அரை நிமிடம் போதும்.

“அப்ப முடிஞ்சுதா அண்ணா?”

“ஒண்டு முடிஞ்சுது. மேல்முறையீடு இருக்கு. வாற 25ஆம் தேதிக்குள்ளை போட வேணும். வக்கீல் இல்லாமலும் போடலாம்.”

“அதையும் விட்டா?”

கடுதாசிகளை உறைக்குள் திரும்ப வைத்தேன். அவளுக்குத் தெரியும். திருப்பி அனுப்புவார்கள்.

பெயர் தர்சினி. மூன்று வயதில் தோணியில் இந்தியா. இருபத்தைந்து வருடம் அங்கே அகதி முகாம். பிறகு ஊருக்குத் திரும்பி ஆறு வருடம். பிறகு இங்கே. இப்போது ஒரு கான்ரீனில் பாத்திரம் கழுவுகிறாள்.

நாளைக்கு வா, கடிதம் முழுவதையும் மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்றேன். கை கூப்பினாள். கூப்பாதே என்று கத்தப் பார்த்தேன்.

நவ. 15, சனி

கடிதம் ஐந்து பக்கம். பிரெஞ்சு மிகவும் மரியாதையானது. நான்காம் பக்கத்தில்: விண்ணப்பதாரர் பேசும் முறை, தான் பிறந்ததாகக் கூறும் பகுதிக்குரியதாகத் தெரியவில்லை, இந்தியாவின் பேச்சு வழக்குகள் அதிகம், ஆகவே அவருடைய பிறப்பிடம் நிறுவப்பட்டதாகக் கொள்ள முடியாது.

விசாரித்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருப்பார். என்னைப் போல ஒருவர். என் வயதுகூட இருக்கலாம்.

நான்காம் பக்கத்தைத் தர்சினிக்குத் தமிழில் சொன்னேன். அவர்கள் பிரெஞ்சில் மரியாதையாக எழுதியதை நான் தமிழில் பகிடியாக எழுதியிருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

“பேச்சு சரியில்லையாமா?” என்றாள்.

“அப்பிடித்தான் போட்டிருக்கு.”

“அன்னைக்கு அந்த ஐயா முகத்தப் பாத்தே நினைச்சேன். நான் வாயத் தொறந்ததும் சிரிச்சார்.”

முகாம் அட்டை அம்மாவிடம் இருந்து வெள்ளத்தில் போனது. போனில் ஒரு மங்கல் படம். பெயர் பாதி தெரிகிறது. அதை ஏற்கவில்லை.

நவ. 16, ஞாயிறு

வசந்திக்குச் சொன்னேன். முழுவதும் இல்லை. ஒரு பெண்ணின் பதிவைப் பிழையாக நீக்கிவிட்டேன் என்று மட்டும்.

“ஏன் நீக்கினியள்?”

“தமிழ் ஒரு மாதிரி இருந்துது. மெசின் எழுதினதெண்டு நினைச்சன்.”

கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல்: “வாயைத் திறக்க முந்தித் திருத்தித் திருத்தி உங்கடை மகளே தமிழ் கதைக்கிறதை விட்டிட்டாள். அந்தப் பிள்ளை எழுதினதை நீங்கள் நீக்கினது எனக்குப் புதினமில்லை.”

எழும்பிப்போய்க் கக்கூசின் விளக்கு மாற்றினேன். ஏற்கெனவே நல்லாய் எரிந்த விளக்கு.

நவ. 18, செவ்வாய்

ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கம் ஒரு சங்கம், பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தின் பின்னால். அகதிக் கேஸ்களுக்கு இலவச உதவி. தர்சினியைக் கூட்டிப் போனேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம். அவள் தன் பங்கு பாணில் பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தாள். வேண்டாம் என்றேன். “சாப்பிடுங்க அண்ணா, எனக்காகத்தானே நிக்கிறீங்க.” சாப்பிட்டேன்.

உள்ளே நரைத்த கட்டைமுடி மதாம், வேலையிலிருந்து இளைப்பாறிய வக்கீலாம். முழுவதையும் வாசித்துவிட்டு நான்காம் பக்கத்தில் விரலை வைத்தார். எல்லாம் இதில்தான் தொங்குகிறது, மற்றதை நான் எழுதுவேன், இதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்றார். முகாமில் வளர்ந்தவர்களின் தமிழ் கலந்துதான் இருக்கும் என்று, அந்த மொழி தெரிந்த ஒருவர், தன் பெயரோடு, கைப்பட எழுதித் தர வேண்டும். பிரெஞ்சில் அத்தெஸ்தாசியோன். அடையாள அட்டைப் பிரதியும் வேண்டும்.

“நான் எழுதுகிறேன்” என்றேன்.

தர்சினி வெளியே வந்து: “நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன்.”

இப்படியான வசனங்களுக்கு ஒரு பொத்தான் இருந்தால் தேவலை.

நவ. 20, வியாழன்

பனித்தூறல். கடையில் விடுப்பு, அரை நாள்.

மதாமிடம் என் கடிதம். இரண்டு பக்கம். இலங்கைத் தமிழ், இந்தியத் தமிழ், இடப்பெயர்வு, கலப்பு. பந்தி பிரித்து, அழகாக. பட்டத்தையும் பெயருக்குப் பின்னால் போட்டிருந்தேன்.

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல கட்டுரை, ஆனால் இது சாட்சியம் இல்லை என்றார். நீங்கள் நேரில் கண்டது என்ன? பேச்சை வைத்து இப்படி ஒருவரைப் பிழையாக எடைபோட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கே, எப்போது, யார்?

என் இரண்டு பக்கத்தையும் எடுத்து மடித்தேன். மதாம் காத்திருந்தார். யோசித்து நாளை மறுநாளுக்குள் சொல்லுங்கள் என்றார். தர்சினி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிரெஞ்சு விளங்கவில்லை அவளுக்கு. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவும் ஒரு அசிங்கம்.

நவ. 21, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம், அவள் வேலை முடிந்து மார்க்ஸ் டோர்மோயில் இறங்கும் நேரம். சந்தைக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்தோம். புறாக்கள். பக்கத்தில் ஒருவன் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

“பிள்ளை, உம்மடை பதிவைத் தூக்கினது மெசின் இல்லை. நான்.”

உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கோபப்படுவாள் என்று ஆயத்தமாக இருந்தேன். கேட்டது வேறு.

“ஏன் அண்ணா? நான் என்ன பிழையா எழுதினேன்?”

“பிழை இல்லை. மெசின் எழுதினதெண்டு நினைச்சன்.”

“மெசினா? ஏன்?”

இதைச் சொல்லாமல் விடலாம் என்று அதுவரை ஒரு நினைப்பு இருந்தது.

“நீர் எழுதின தமிழாலை. கிளிநொச்சி எண்டு போட்டிருந்தீர், தமிழ் அப்பிடி இருக்கேல்லை.”

பையின் வாரை விரலில் சுற்றினாள்.

“முகாம்ல எங்கள சிலோன்காரி எண்டுவாங்க. ஊருக்குத் திரும்பிப் போனா இந்தியாக்காரி. இங்க வந்து மெசின்.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “எத்தன நாள் இருந்திச்சு அப்ப? நான் எழுதக்க?”

“நாலு நாள்.”

“நாலு நாள்” என்றாள்.

குழுவில் போட்டதையும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன், ரிக்கற் பகிடி உட்பட. எத்தனை பேர் சிரித்தார்கள் என்று கேட்டாள். ஐந்து என்றேன். தலையாட்டினாள், ஏதோ விலை கேட்டவள் போல.

எழும்பிப் போகவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “அந்த மதாம் கேட்ட சாட்சி இதுதானே?” என்றாள். “அப்ப இத எழுதுங்க.”

நவ. 22, சனி

மதாமுக்கு போனில் சொன்னேன். அவர்: “அப்படியென்றால் அதை எழுதுங்கள். தேதியோடு. இது பலமான சாட்சி.” என் கேவலம் ஒரு கேஸுக்குப் பலம்.

குழுவில் எழுதினேன். நவ. 6 நான் பகிடி பண்ணிய பதிவு மெசினுடையது அல்ல, ஒரு பெண்ணுடையது, எனக்கு 12ஆம் தேதியே தெரியும், மறைத்தேன். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஒருவர்: “பரவாயில்லை அண்ணை, ஆருக்கும் நடக்கும்.” இன்னொருவர் தன் சிரிப்புப் பொம்மையை எடுத்துவிட்டார். மற்றவர்கள் வாசித்ததற்கு அடையாளம் மட்டும்.

செந்தில் போன் எடுத்தான்.

“சார், தப்பு என் பக்கமும் இருக்கு. நம்பர் இருந்தா ரிமூவ்னு நான்தான் உங்களப் பழக்கினேன். டெஸ்ட் போஸ்ட் எல்லாத்தையும் இப்போதைக்கு நிறுத்திட்டேன்.”

பதினொரு வருடத்துக் கோபத்தையும் அவன் மேல் கொட்ட நல்ல இடம். வாய் வரை வந்ததை விட்டுவிட்டேன். தம்பி, உம்மடை மெசின் நம்பரைத்தான் பாத்தது, தமிழைப் பாத்தது நான், என்று சொன்னேன். அது உண்மை.

“அந்த முடிவைத் தவறு எண்டு மாத்திவிடும். என்ரை பேரிலை சிவப்பு விழட்டும்.”

“அப்படி மாத்த ஆப்ஷன் இல்ல சார். ரூல்படி அது கரெக்ட்.”

பொறுப்பை விட்டு விலகுகிறேன் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். விலகுவதும் ஒரு மிடுக்கு. அந்தப் பழைய பதிவை மீட்டு, இலக்கத்தை அழித்து, கீழே பதிலை ஒட்டினேன். பதினாறு நாள் பிந்தி. அடுத்து யாருக்காவது உதவும்.

நவ. 23, ஞாயிறு

கடிதம். முதல் பிரதி: மெசின், விதி, மஞ்சள் பட்டை என்று முக்கால் பக்கம்; நான் கடைசி இரண்டு வரியில். கிழித்தேன். இரண்டாவது: மன்னிப்பு அதிகம். நீதிமன்றத்துக்கு என் மன்னிப்பு எதற்கு. கிழித்தேன். மூன்றாவது ஒரு பக்கம். பட்டத்தைப் போடவில்லை.

மகள் பிரெஞ்சு எழுத்துப்பிழை பார்த்துத் தந்தாள். மூன்று திருத்தம். ஒன்றும் சொல்லாமல் பென்சிலால் மெதுவாக. வாசித்து முடித்து என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போய்விட்டாள்.

நவ. 24, திங்கள்

போய்விட்டது. மேல்முறையீடு, 11.40, பதிவுத் தபால். ரசீது தர்சினியிடம். விசாரணைக்கு மாதக்கணக்கு ஆகுமாம். வெல்லும் என்று மதாம் சொல்லவில்லை. போட்டாயிற்று, காலத்துக்குள், அவ்வளவுதான் என்றார்.

காலை பத்துக்குச் சங்கத்தில். மதாம் என் கடிதத்தை வாசித்துத் தலையசைத்து, அடையாள அட்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்தப் போனார். தர்சினி கையை நீட்டித் தடுத்தாள்.

“என்ன எழுதியிருக்கெண்டு எனக்குச் சொல்லுங்க அண்ணா. என்ட கேஸ்தானே.”

வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நான் இன்னார், பிறந்தது யாழ்ப்பாணம், தமிழ் என் தாய்மொழி. நவம்பர் 6 இவர் எழுதிய கேள்வியை வாசித்தேன். இவருடைய தமிழில் இந்திய வழக்குக் கலந்திருந்ததால் கிளிநொச்சியில் பிறந்தவர் என்று நம்பவில்லை. உண்மையான ஆள் என்றே நம்பவில்லை. அந்தப் பதிவைத் தவறுதலாக நீக்கினேன். பிறகு இவரை நேரில் கண்டேன், இவருடைய கதையைக் கேட்டேன். பேச்சை வைத்து நான் எடுத்த முடிவு பிழை.

“இல்லையே” என்றாள்.

“என்ன இல்லை?”

“தவறுதலா இல்லையே அண்ணா. கை தவறி அமத்தினா தவறுதல். நீங்க வாசிச்சுப் பாத்து, இது ஆள் இல்ல எண்டு முடிவு பண்ணித்தானே தூக்கினீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. பெயரின் எழுத்துப்பிழையைக் காட்டுபவள் போலத்தான்.

என்ன சொல்கிறார் என்று மதாம் கேட்டார். மொழிபெயர்ப்பதற்கு அந்த அறையில் நான் மட்டும்தான். சொன்னேன். மதாம் பேனையை என் பக்கம் தள்ளினார்.

“தவறுதலாக” என்பது பிரெஞ்சில் இரண்டு சொல். குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டினேன். வெட்டிய இடத்துக்கு நேரே ஓரத்தில் சிறுகையொப்பம் வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கடிதம் செல்லாது. வைத்தேன்.